நஞ்சு எங்கே இருக்கிறது?

ரத்தம் என்ற சொல்லை எங்கள் பெண்கள் வாயால் சொல்லி நான் கேட்டது குறைவு. லேசா பட்டிருக்கு என்பார்கள். கறை மாதிரி என்பார்கள். சிலர் அதுகூடச் சொல்லாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார்கள். முப்பத்தோரு வருடம் பிரசவ வார்டில் நின்றவளுக்கு அந்தத் திருகலே போதும், கட்டிலைக் காட்டிப் படுக்கச் சொல்லிவிடுவேன்.

அதனால்தான் போன மாதம் கீழ் வீட்டு நந்தினி காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி, தனக்கு எட்டு வாரம், ப்ளீடிங் ஆகிறது என்று ஒரே மூச்சில் சொன்னபோது எனக்குப் பயத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்தது. இப்படி எழுதுவது தப்பாகத் தோன்றலாம். ஆனால் மறைக்காமல், சுற்றி வளைக்காமல், படியேறி வந்து சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் வந்ததே என்ற சந்தோஷம் அது.

ரிட்டயர் ஆனபிறகு கொண்டாப்பூரில் மகனோடு இருக்கிறேன். அடுக்கு மாடியில் எனக்குப் பெயர் நர்ஸ் ஆன்ட்டி. நந்தினியும் அவள் கணவனும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், சேலத்துப் பிள்ளைகள். இன்டர்நெட்டில் இருக்கிற பயமெல்லாம் படித்து முடித்து, கண் வீங்கி, மனதுக்குள் குழந்தையைப் பறிகொடுத்தே விட்டிருந்தாள். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எப்போதிலிருந்து, என்ன நிறம், பேட் நனைகிறதா அல்லது துடைத்தால்தான் தெரிகிறதா, அடிவயிறு ஒரு பக்கமாக வலிக்கிறதா, தோள்பட்டை வலிக்கிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா. காப்பி நிறத்தில் இரண்டு சொட்டு, வலி இல்லை. ஒன்றும் இருக்காது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் இப்படிப் பட்ட நிறையப் பேர் சுகமாகப் பெற்றெடுத்திருக்கிறார்கள். சிலருக்குக் கலைந்துவிடும். ரொம்பச் சிலருக்குக் கரு குழாயில் தங்கி உயிருக்கே வினையாகும். யாருக்கு எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். திரையில் ஒரு கடுகு துடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து என் வீட்டில் ஐந்து இட்லி சாப்பிட்டாள்.

இந்த ஸ்கேனெல்லாம் கைக்கெட்டாத நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று அன்று அவள் கணவன் கேட்டான். பெரிய பதில் ஒன்று இருந்தது, அவனுக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் மூன்றரை வருடம் படித்தேன். அதில் பாதி, படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றது என்று சொன்னால் என் வகுப்புக்காரிகள் மறுக்க மாட்டார்கள். ரயில்வே கிளார்க்குக்கு வாக்கப்பட்டு, இதே தெலுங்கு ஊரில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். தெலுங்கும் உருதுவும் வார்டில் கற்றுக்கொண்டவைதான். பிரசவ வலியில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை என்பதால் சீக்கிரம் வந்துவிட்டது.

முதலில் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டாவது வருடம் அங்கே ஒரு பெண் வந்தாள். எட்டாம் மாதம், வலியில்லாமல் ரத்தம். டாக்டர் கையுறை கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். கருப்பை வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு விரல் வைத்தார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் கொட்டியது. நஞ்சுக்கொடி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது, விரல் அதில் போய்க் குத்தியிருக்கிறது. பெண் எப்படியோ பிழைத்தாள், குழந்தை இல்லை. டாக்டரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. ஆனால் கையுறையை எடுத்து நீட்டிய கை என்னுடையது. அதை நினைத்து நான் பல நாள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அங்கிருந்து மாறி, காஞ்சன்பாக் பக்கம் இருந்த பிரசவ நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். முப்பது படுக்கை. சுற்றிலும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்கள் என்பதால் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று எல்லா பாஷையிலும் அம்மா என்று கத்துவார்கள். அதை நடத்தியவர் டாக்டர் ரத்னமாலா மேடம், குண்டூர்க்காரர். ஐந்தடிக்கும் குறைவு, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி, வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் ஏலக்காயைக் கடிப்பதை நிறுத்துவார், அவ்வளவுதான். வார்டு முழுக்க அந்த நிசப்தம் தெரியும்.

அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. முதலாவது பேட் சட்டம். ரத்தப்போக்கோடு வந்தவளின் பேட் எதையும் எறியக்கூடாது. மூடி போட்ட எனாமல் தட்டில், மாற்றிய நேரம் எழுதிய சீட்டோடு, வரிசையாக வைத்திருக்க வேண்டும். ரவுண்ட்ஸ் வரும்போது தட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கொஞ்சம் என்பதும் நிறைய என்பதும் அவரவர் பயத்தைப் பொறுத்தது, பேட் பயப்படாது என்பார். இந்தச் சட்டத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நம் அம்மாக்களுக்கு அதைக் கண்ணில் காட்டுவதென்றால் மானம் போய்விடும். மூன்று நாள் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, இரட்டை முடிச்சுப் போட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே எறிந்துவிட்டு வந்து, பேட்டே மாற்றவில்லை சிஸ்டர் என்று சத்தியம் செய்த ஒரு சம்பந்தியம்மாள் இருந்தார். ஆயா போய் எடுத்துவந்தபோது அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, நஞ்சுச் சட்டம். ஏழு மாதத்துக்குமேல் ரத்தம் என்று யார் வந்தாலும் மேடத்தின் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மாய எக்கட உந்தி?" நஞ்சு எங்கே இருக்கிறது? நஞ்சுக்கொடியைத் தெலுங்கில் மாய என்பார்கள். அது மேலே ஒட்டியிருக்கிறதா, கீழே வாசலில் கிடக்கிறதா? தெரியாது என்றால் யாரும் உள்ளே விரல் வைக்கக்கூடாது. யாரும் என்றால் மேடமும் சேர்த்தி. கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதிவிட்டு, கையுறை இருக்கும் ட்ரம்மை நர்ஸ் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அப்படி ஒரு கேஸ் வந்தது. மேடமே வந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி என்னிடம் கை நீட்டினார். டாக்டர் கேட்கிறாரே என்று கையுறையை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கினார், மாட்டவில்லை. திரும்ப என் கையிலேயே வைத்தார். ஏலக்காய்ச் சத்தம் நின்றிருந்தது. அன்று முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இதைச் செய்திருந்தால் ஒரு பிள்ளை பிழைத்திருக்குமே என்று பாத்ரூமில் நின்று அழுதேன்.

இனி உமாவின் கதை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என்று ஞாபகம். ஐ.டி. பையன்களுக்குப் பெண் கொடுக்கக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் போட்டி நடந்த காலம். உமாவின் அப்பா பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியன். அம்மா செண்பகம், அம்பாசமுத்திரம் பக்கம். உமா பிறந்து வளர்ந்ததெல்லாம் காஞ்சன்பாக். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை. கணவன் கார்த்திக்கும் அதே திருநெல்வேலிச் சீமைதான். கல்யாணமாகிக் கொண்டாப்பூரில் ஃப்ளாட், அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாதாமாதம் செக்கப்.

ஒன்பதாம் மாதம் தலைப்பிரசவத்துக்கு உமாவைக் காஞ்சன்பாக்குக்கே அழைத்துக்கொண்டு, வளைகாப்பையும் அங்கேயே வைத்தார்கள். நம் வழக்கத்தில் இதில்தான் ஓர் ஓட்டை. தாய் வீட்டுக்கு வரும் பெண்ணோடு சேலை வரும், பலகாரம் வரும், ஏழு வகைச் சித்ரான்னம் வரும். ஆஸ்பத்திரி ஃபைல் மட்டும் வராது. அது கணவன் வீட்டு அலமாரியில் வருமான வரிக் காகிதங்களோடு தூங்கிக்கொண்டிருக்கும். எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன், எல்லோருக்கும் ஒரே பதில். அவங்க கொண்டாந்து தரேன்னாங்க சிஸ்டர்.

வளைகாப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. மாருதி வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. உமாவை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் பாதி முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பந்தியில் உட்கார்ந்தவள் பாயசத்துக்குக் கை நீட்டும்போது நனைவது போலிருக்கிறது என்று எழுந்திருக்கிறாள். எழுந்த இடத்தில் தரை சிவந்துவிட்டது. பட்டு அரக்கு நிறம் என்பதால் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்ததும் தெரியவில்லை. பாவாடையைப் பிழிந்தபோது தெரிந்தது.

நாடி நூற்றிருபது, பிரஷர் தொண்ணூறு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். டாப்ளரை வயிற்றில் வைத்தேன். அந்த இரண்டு வினாடி எனக்கு எப்போதுமே இரண்டு வருடம். பிறகு டக்டக்கென்று குழந்தையின் துடிப்பு கேட்டது. கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது.

அடுத்து இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு டிரிப் ஏற்ற வேண்டும், ஆப்பரேஷனுக்குப் போனால் வளையலோடு போக முடியாது. உடைக்கலாமென்று ஆயா கத்திரியோடு வந்ததுமே செண்பகம் அம்மாள் குறுக்கே விழுந்துவிட்டார். சற்று முன்தான் பதினோரு சுமங்கலிகள் கூடிப் போட்ட வளையல். உடைப்பதென்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வாக்குவாதத்துக்கு நேரமில்லை. உமாவின் கையில் ஒரு கையுறையை மாட்டி, மேலே ஜெல்லியைத் தடவி, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வளையல்களை இழுத்தேன். நாலைந்து சேர்ந்தாற்போல வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு டிரிப்பும் ஓடத் தொடங்கின. ரத்தம் பொருத்திப் பார்க்கச் சாம்பிள் எடுத்து உமாவின் அப்பாவிடம் கொடுத்து ரத்த வங்கிக்கு விரட்டினேன்.

அன்றைக்குப் பார்த்து மேடம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், அதுவும் மெட்டுகுடாவில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. போனில் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். தெரியாது, ஃபைல் இல்லை, ஸ்கேன் டாக்டருக்கு ஞாயிறு லீவு, அறை பூட்டியிருக்கிறது என்றேன். யாரும் கை வைக்க வேண்டாம், மயக்க டாக்டரை வரச்சொல், முக்கால் மணி நேரத்தில் வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

ட்யூட்டியில் இருந்தது டாக்டர் அனிதா. சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நல்ல பெண், கெட்டிக்காரி. ஆனால் அவள் படித்த பெரிய கல்லூரியில் எந்தக் கேஸுக்கும் சீனியர் முதலில் கேட்பது எத்தனை விரல் திறந்திருக்கிறது என்றுதான். அதற்குப் பதில் இல்லாமல் நின்றால் மானத்தை வாங்கிவிடுவார்களாம். உமாவுக்கு நடுநடுவே வயிறு இறுகவும் செய்தது. பிரசவ வலிதான், திறந்திருந்தால் பத்து நிமிஷத்தில் குழந்தையை எடுத்துவிடலாம், முக்கால் மணி நேரம் காத்திருந்தால் கையைவிட்டுப் போய்விடும் என்று அவள் பயந்தாள். அவள் சொன்னதும் முழுக்க முட்டாள்தனமில்லை. கண்முன்னே ஒரு பெண் வெளுத்துக்கொண்டே போகும்போது சும்மா நிற்பது பெரிய கஷ்டம்.

கை கழுவிவிட்டு வந்து, கையுறை கேட்டு நின்றாள். "சிஸ்டர், க்ளவ்ஸ் இவ்வண்டி."

ட்ரம் மூடியின்மேல் என் கை இருந்தது. எடுக்கவில்லை.

மறுபடி கேட்டாள். நஞ்சு எங்கே என்று தெரியாமல் தரமாட்டேன் என்றேன். டாக்டர் நீங்களா நானா என்று இங்கிலீஷில் கேட்டாள். நீங்கள்தான், மேடம் வந்ததும் என்மேல் புகார் எழுதிக் கொடுங்கள், என்னை வீட்டுக்கு அனுப்பட்டும் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வயதில் என் பாதி இருப்பாள், ஆனால் டாக்டர். அத்தனை வருட வேலையில் ஒரு டாக்டரின் முகத்துக்கு நேரே நான் முடியாது என்றது அதுதான் முதல் தடவை. நான் நினைத்தது தப்பாக இருந்து, உண்மையிலேயே வாசல் திறந்திருந்து, என் பிடிவாதத்தால் இந்தப் பிள்ளை போய்விட்டால்? இந்தக் கேள்வியும் அந்த ட்ரம்முக்குள்ளேயே இருந்தது.

"வயித்துல கை வெச்சுப் பாருங்க டாக்டர், அது போதும்" என்றேன்.

வைத்தாள். இறுக்கம் விட்டதும் வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. நஞ்சு மேலே இருந்து பிய்ந்து ரத்தம் உள்ளே தேங்கினால் வயிறு பலகை மாதிரி ஆகிவிடும், தொட்டாலே கத்துவார்கள். இங்கே அது இல்லை. பிறகு குழந்தையின் தலையைத் தேடினாள். ஒன்பதாம் மாதம், தலைச்சன், தலை கொஞ்சமாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். அது மேலேயே மிதந்துகொண்டிருந்தது. அது உட்கார வேண்டிய இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அனிதா கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். இப்போது எங்கள் இரண்டு பேர் முகமும் ஒரே நிறத்தில்தான் இருந்திருக்கும்.

இதற்குள் செண்பகம் அம்மாளை டீ வாங்கிவர அனுப்பியிருந்தேன். டீ யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அவர் வெளியே போக வேண்டியிருந்தது. கதவு சாத்தியதும் உமாவின் காதருகே குனிந்து, இதற்கு முன்னால் எப்போதாவது பட்டதா என்று கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள்.

"பொத்துன கூட ஒச்சிந்தி, சிஸ்டர். அம்மா எவ்வரிக்கி செப்பொத்தன்னதி."

காலையிலும் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆறரை மணிக்கு, தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனபோது, ஒரு கைக்குட்டை அளவுக்கு நல்ல சிவப்பு. வலி இல்லை. அரை மணியில் தானாக நின்றுவிட்டது. வலியில்லாத சிவப்பு ரத்தம் ஒருமுறை வந்து தானாக நிற்பது, கீழே கிடக்கும் நஞ்சு முன்கூட்டிச் சொல்லியனுப்பும் சேதி. அதைத்தான் தாயும் மகளும் துணியோடு சேர்த்துக் கசக்கிப் பிழிந்து காயப்போட்டிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் காலை ஆறரை என்று எழுதினேன்.

வெளியே கார்த்திக் கையில் செல்போனோடு சுவரோரம் நின்றான். ஸ்கேனில் நஞ்சைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். ஐந்தாம் மாதம் கொஞ்சம் கீழே இருக்கிறது, மேலே போய்விடும் என்றார்கள், எட்டாம் மாதம் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம், அப்படியே தள்ளிப்போய்விட்டது என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு அது உறைத்தது. கொண்டாப்பூரில் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் பாத்திமா ஆன்ட்டியிடம் சாவி உண்டு என்றான். போன் போட்டான்.

அந்த அம்மாள் கதவைத் திறந்து, பெட்ரூம் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு கவராக எடுப்பது போனிலேயே கேட்டது. ஹவ் பேட்டா, மில் கயா, கிடைத்துவிட்டது என்றார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், ஆனால் மருத்துவ இங்கிலீஷ் வராது. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். அவர் எல், ஓ, டபிள்யூ என்று சொல்லச் சொல்லக் கார்த்திக் என் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதினான். நஞ்சு கீழே இருக்கிறது, கருப்பையின் உள்வாயை மூடியிருக்கிறது, முப்பத்திரண்டாவது வாரம் மறுபடி பார்க்கவும். அவ்வளவுதான் இருந்தது, அவ்வளவு போதும். உள்ளே போய் அனிதாவிடம் என் கையைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அவளைப்போல வேலை செய்த ஆளை நான் பார்த்ததில்லை. சிறுநீருக்குக் கதீட்டர் போட்டாள், தியேட்டரைத் தயார் செய்தாள், மேடத்துக்குப் போன் போட்டு நஞ்சு கீழே இருக்கிறது என்று தெலுங்கில் தெளிவாகச் சொன்னாள். மேடம் கல்யாணப் பட்டோடு வந்து, நகையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு நேரே கை கழுவப் போனார். ரத்தப் பை வந்த வேனிலேயே குவார்ட்டர்ஸ் ஆட்கள் ஆறு பேர் ரத்தம் கொடுக்கத் தயாராக வந்து இறங்கினார்கள். எல்லோர் நெற்றியிலும் வளைகாப்புச் சந்தனம்.

இரண்டரை மணிக்கு முதுகில் ஊசி. வயிற்றைத் திறந்ததும் மேடத்தின் ஏலக்காய்ச் சத்தம் நின்றது. குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். பெண். இரண்டு கிலோ நூறு கிராம். உடம்பு நீலமாக, துவண்டு கிடந்தது. துடைத்தேன், சளியை உறிஞ்சினேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அப்புறம் என்ன கோபமோ, தியேட்டரே அதிரும்படி ஒரு கத்தல். பின்னால் மேடத்தின் வாயில் ஏலக்காய் உடையும் சத்தம் கேட்டது. ஆப்பரேஷன் முடிய இன்னும் நேரமிருந்தது, நஞ்சு எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நாலு தையல் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது, இரண்டு பை ரத்தம் ஏறியது. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டேன். அனிதா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். என்மேல் அவள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

நாலு மணிக்கு மேடம் வெளியே வந்தார். வராந்தாவில் பட்டும் பூவுமாகப் பாதி வளைகாப்பு உட்கார்ந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு கேஸ் ஷீட்டைப் பார்த்து, தன் அரைகுறைத் தமிழில், எல்லோர் முன்னாலும் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். காலை ஆறரைக்கே ரத்தம் வந்திருக்கிறதே, அப்போதே ஏன் கொண்டுவரவில்லை?

கார்த்திக்கின் அம்மா கோமதியம்மாள் எதிரிலேயே நின்றார். நெடுநெடுவென்று உயரம், அன்று முழுக்க யாரோடும் அதிகம் பேசாதவர். அவர் மெதுவாகச் சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினார். கார்த்திக் குழந்தையைப் பார்க்க உள்ளே போயிருந்தான். செண்பகம் அம்மாள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"லேசாத்தான் பட்டுச்சு மதினி, நின்னுட்டு. நீங்கள்லாம் ஊர்லேருந்து வந்து எறங்கியாச்சு. மணையில உக்கார வேண்டிய பிள்ளைக்கு இப்பிடின்னு நான் என்னன்னு சொல்லுவேன்? தீட்டுன்னு சொல்லிருவியளோ, ராசியில்லாத பிள்ளைன்னு ஒரு சொல்லு வந்துருமோன்னு பயந்துட்டேன்."

பிரசவ வார்டு வராந்தாவில் சம்பந்திச் சண்டை எனக்குப் புதிதில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். கோமதியம்மாள் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, செண்பகம் அம்மாளின் இரண்டு தோளையும் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கார்த்திக்குக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு" என்றார். "அவனுக்கே தெரியாது. எட்டாம் மாசம் எனக்கும் இப்பிடித்தான் பட்டுச்சு. வீட்டுல கோயில் கொடைக்குக் கால்நாட்டியிருந்தாவ. தீட்டும்பாவளேன்னு நான் வாயத் தெறக்கல. ரெண்டு நாளு. மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ, நான் மட்டுந்தான் திரும்பி வந்தேன்." பிறகு சம்பந்தியம்மாளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மணையத் தூக்கி எறிஞ்சிட்டு நானே இவளத் தூக்கிட்டு ஓடியாந்திருப்பேனே மதினி."

செண்பகம் அம்மாள் வாய்விட்டு அழுதார். கோமதியம்மாளும் அழுதார். முப்பது வருடத்துக்கு முந்தைய அழுகை அது என்று எனக்குத் தோன்றியது. மேடம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அப்புறம் சொல்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு, டிரிப்பைப் பார்க்க உள்ளே போனேன்.

உமா கண் திறந்திருந்தாள். குழந்தையை அவள் கன்னத்தோடு ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே கேட்ட சத்தத்தில் அவள் முகம் மாறிவிட்டது. அம்மாவும் அத்தையும் சண்டை போடுகிறார்களா என்று தெலுங்கில் கேட்டாள்.

"இல்லம்மா. இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்காங்க" என்றேன்.

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. கதவை அகலத் திறந்து காட்டினேன். பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது, தையல் இருக்கிறது என்று அதட்டினேன். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.